கரியில் தெரியும் சாவி

ஆரணியில் என் பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100-இன் சாவி தொலைந்துபோனது. 1985-இல் அறிமுகமான வண்டி. சிப், ரிமோட் எதுவும் கிடையாது. பூட்டு செட்டையே மாற்றிவிடச் சொன்னார்கள் சிலர்.

“எதுக்கு தம்பி? பூட்டு நல்லாத்தானே இருக்கு” என்றார் சாவி போடும் பெரியவர்.

வெட்டுப்படாத ஒரு சாவியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரியேற்றினார். பூட்டில் நுழைத்து, இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி எடுத்தார். கரிமேல் கடுகளவு பளபளப்பு! பூட்டுக்குள் வில்லின் விசையில் துருத்தி நிற்கும் சிறு தகடுகள் உரசிய தடம் அது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி திருகல். தகடு சரியான மட்டத்துக்கு இறங்கிவிட்டால் அங்கே தடம் விழாது. அதன்பிறகு ஒரு இழுப்பு கூடினாலும் சாவி வீண். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. பட்டுப்பாவில் அறுந்த இழையை விரல் நுனியால் தேடிப் பிணைக்கும் நெசவாளர்களின் ஊரில் இந்த விரல்களையும் நான் அதே மரியாதையோடுதான் பார்த்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ முறை, சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்தது.