12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்: சின்ன டிபன் கடைக்குப் போதுமா?

தோசைக்கல்லும் இட்லிப் பானையும் சேர்ந்து சூடேறும் காலை நேரத்தில், ஒரு டிபன் கடைச் சமையலறையில் 12 அங்குல மெட்டல் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுப் பார்த்தேன். 900 ஆர்பிஎம் மாடல்.

முதலில் கணக்கு. அறை 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம். மொத்தம் 1,200 கன அடி. மணிக்கு 30 முறை காற்று மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 600 கன அடி, அதாவது 600 சிஎஃப்எம் தேவை. பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் 1.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

எதிர்ச்சுவர் ஜன்னல் திறந்திருந்தபோது காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரில் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகம் காட்டியது. 12 அங்குல வட்டத்துக்கு அது ஏறக்குறைய 770 சிஎஃப்எம், தாராளம். மிளகாய் தாளித்த நெடி மாஸ்டரின் முகத்துக்கு வராமல் நேராக ஃபேன் பக்கம் போனது. ஜன்னலையும் கதவையும் சாத்தியதும் வேகம் 3-க்குக் கீழே இறங்கிவிட்டது. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் வீண்தான். கேஸ் அடுப்பு எரியும் அறையில் இது உயிர் விஷயம்: காற்று பற்றாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மாட்டும் இடமும் முக்கியம். அடுப்புக்கு மேலே, சுவரின் உச்சியில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால் அங்கிருந்து வரும் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்புச் சூடு அப்படியே நிற்கும்.

குறைகளும் உண்டு. பின்பக்க ஷட்டரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் தகடுகள் பாதிதான் திறக்கின்றன. வாரம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துத் துடைத்தே ஆக வேண்டும். வளைந்து வளைந்து போகும் நீண்ட குழாயில் இந்த வகை ஃபேன் திணறும். அங்கே சென்ட்ரிஃபியூகல் புளோயர்தான் சரி. 1400 ஆர்பிஎம் மாடல் கூடுதலாக இழுக்கும், ஆனால் ஆர்டர் சொல்வதே காதில் விழாத அளவுக்குச் சத்தம் போடும்.

வெளிச்சுவரும் எதிரில் ஜன்னலும் உள்ள சிறு கடைக்கு 900 மாடலைத் தயங்காமல் வாங்கலாம். ஜன்னல் இல்லையென்றால், முதல் செலவு கொத்தனாருக்கு, ஃபேன் அதற்கப்புறம். அந்த அறையில் நாள் முழுக்க நிற்பவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும்.