நாடா ஓடும் ஒரு மணி நேரம்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டிஜிட்டல் வீடியோ கேசட்டை வைத்ததும், பழைய ஹேண்டிகேம் மெல்ல முனகி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு 'க்ளக்'. பிறகு, காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும் ரீங்காரம். நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் சின்ன உருளையை, கால் அங்குல நாடா பட்டும் படாமலும் தழுவிப் போகிற ஓசை அது. கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளைச் செருகியபின் அவசரம் எதுவும் செல்லாது. 60 நிமிட கேசட் கணினிக்குள் இறங்க 60 நிமிடம்தான். அதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் நாடா தளர்வு நீங்கிச் சீராக ஓடும். நடுவில் படம் சதுரம் சதுரமாகச் சிதறினால், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டுவேன். பல சமயம் இரண்டாம் முறை முகம் தெளிந்து வந்துவிடும். அந்த நொடிக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வீட்டு கேசட்டுகளில் சித்தப்பாவின் முகம் எங்குமே இல்லை. கேமரா அவர் கையில். மூச்சுச் சத்தமும், "பாட்டி, இங்க பாருங்க" என்ற குரலும் மட்டும் உண்டு. நிறுத்த மறந்து அவர் நடந்த நான்கு நிமிடங்களில் தரையும் செருப்பும்தான் தெரிகின்றன. அதையும் வெட்டவில்லை. பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் இறக்கிவிடுங்கள். ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும்.