பார்க்க வருகிறவர்களும் படிக்க வருகிறவர்களும்

பழைய நூலகம் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் நம் ஆட்களுக்கு உடனே சந்தோஷம் வந்துவிடுகிறது. ஒழுகும் கூரையும் கரையான் அரித்த அலமாரியும் சரியாகும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியும் கேட்டுவைக்க வேண்டும். யாருக்காகப் புதுப்பிக்கிறீர்கள்? "பொதுமக்கள் நிறைய பேர் வரணும் சார்" என்பார்கள். வரட்டும். வந்து என்ன செய்யப் போகிறார்கள்?

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணப் பொது நூலகம். தமிழர்கள் மத்தியில் இவ்வளவு பேசப்பட்ட, இவ்வளவு படம் எடுக்கப்பட்ட நூலகக் கட்டிடம் வேறு இல்லை. அதன் பழைய கதையை எல்லோரும் அறிவார்கள். அது திரும்பக் கட்டப்பட்ட விதத்தை ஒரு படைப்பை விமர்சிப்பதுபோல விமர்சித்தவர்கள் குறைவு.

அதற்கு முன் ஒரு சின்ன ஊர்க்கதை. எங்கள் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தோணி வியாபாரம் மட்டும் இருந்ததாக நினைக்கிறவர்கள் உண்டு. புத்தக உறவும் உண்டு. யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தூத்துக்குடியில்தான் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியதும் இங்கிருந்துதான். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதையும், 1586இல் இந்த முத்துக்குளிக்கும் கரையிலேயே அச்சான ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் இருப்பதையும் 1950களில் தமிழ் ஆய்வுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். இரண்டு நூலையும் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். 1600இல் இறந்த அண்டிரிக் அடக்கமானது தூத்துக்குடியில்.

அதாவது, காசு எங்களுடையது, பேச்சு எங்களுடையது, அச்சடித்த கரையும் எங்களுடையது. புத்தகம் மட்டும் அங்கே. ‘அடியார் வரலா’ற்றை 1967இல் இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்ததால் நாம் படிக்க முடிகிறது. நூலகம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் கிடைத்துவிடுகிறது. வத்திக்கானின் சுவரோவியத்தைப் பார்க்கக் கோடிப் பேர் போகலாம். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் திறந்த ஒரு ஆளால்தான் நமக்குப் பிரயோஜனம்.

இனி யாழ்ப்பாணம். 1933இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டில் இருந்த புத்தகங்களைப் பிறர் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டே அது ஒரு வாடகை அறைக்கு மாறியது, சில நூறு புத்தகங்களோடும் கொஞ்சம் பத்திரிகைகளோடும். ஊர் கூடிப் பணம் சேர்த்தது. கட்டிடத்துக்கு 1953இல் அடிக்கல் போட்டார்கள். ஆலோசனைக்கு வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1959இல் திறந்தார்கள். வெள்ளைக் கட்டிடம், திராவிட பாணிக் கும்மட்டம், முன்னால் சரஸ்வதி சிலை. 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது உள்ளே சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன.

1984இல் ஒரு பகுதியைச் சரிசெய்து திறந்தார்கள். போர் அதையும் தின்றது. 1998க்குப் பிறகு அரசு மறுகட்டுமான வேலையைத் தொடங்கியது. அப்போது ஊருக்குள் ஒரு வாதம் நடந்தது. எரிந்த கூட்டை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு நூலகத்தைப் புதிதாக வேறு இடத்தில் கட்டலாம் என்றது ஒரு தரப்பு. கரியை வெள்ளையடித்து மறைக்கிறார்கள் என்ற கோபம் அதற்குள் இருந்தது. 2003 பிப்ரவரியில் நடப்பதாக இருந்த திறப்பு விழா எதிர்ப்பால் நின்றுபோனது. பிறகு ஆரவாரம் இல்லாமல் திறந்தார்கள்.

அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. எரித்தவர்களை நினைவில் வைக்கும் வேலையை இலக்கியம் ஏற்கெனவே செய்துவிட்டது. எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ கவிதையைப் படித்தவனுக்குக் கரிச்சுவர் தேவையில்லை. அந்தக் கவிதை சாம்பலைப் பற்றி அழுதுகொண்டு நிற்பதில்லை. நூலகத்தோடு சேர்ந்து எரிந்தது யாருடைய மதம், யாருடைய அறம் என்று எரித்தவர்கள் பக்கம் திரும்பிக் கேட்கிறது. சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படம் சாட்சிகளைப் பேசவிடுகிறது. ஒரு கவிதையும் ஒரு படமும் செய்யக்கூடிய வேலையைக் கட்டிடத்தின் தலையில் ஏற்றினால் கட்டிடம் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வது? வாசல் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கேட்ட புத்தகம் கைக்கு வர வேண்டும். எரித்தவனுக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

ஆனால் மறுகட்டுமானத்தின் மேல் எனக்கு வேறொரு குறை உண்டு. அது 1959இன் முகத்தை அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவந்தது. முகம் திரும்ப வந்ததும் எல்லாமே திரும்ப வந்துவிட்டதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. கல்லையும் சுண்ணாம்பையும் வாங்கலாம். சுவடியை எங்கே வாங்குவது? 2009இல் போர் முடிந்து பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் நூலகமும் சேர்ந்துகொண்டது. இறங்கு, கும்மட்டத்தோடு ஒரு போட்டோ, ஏறு. உள்ளே தலை குனிந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் காட்சிப் பொருளானார்கள். வந்தவர்களில் மனம் கனத்துப் போனவர்களும் இருந்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் படிக்கிறவனுக்கு வேண்டியது அமைதி, பார்க்கிறவனுக்கு வேண்டியது நடைபாதை. இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தால் எப்போதும் நடைபாதைதான் ஜெயிக்கும்.

சரயேவோவில் இதன் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். 1992 ஆகஸ்டில் குண்டு வீசி எரிக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டிடத்தை 2014இல் அழகாகச் சீரமைத்துத் திறந்தார்கள். வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் இன்று விழாக்களும் கண்காட்சிகளும் நடக்கின்றன. நூலகம் பெரும்பாலும் வேறு இடத்தில் இயங்குகிறது. கட்டிடம் பிழைத்தது, நூலகம் குடிமாறியது.

நியூயார்க் பொது நூலகத்தில் கதை வேறு மாதிரி போனது. வாசிப்புக் கூடத்துக்குக் கீழே இருந்த பல மாடிப் புத்தக அடுக்குகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய புழங்கு நூலகம் அமைத்து, கூட்டத்தை வரவழைப்பதாகத் திட்டம். ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் சண்டை போட்டார்கள். 2014இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். சண்டை போட்டவர்களை மேட்டிமைக்காரர்கள் என்று சிலர் திட்டவும் செய்தார்கள்.

அந்தத் திட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதையும் பேசிவிடுவோம். வேடிக்கை பார்க்க வருகிறவனை இளக்காரமாகப் பார்க்கும் புத்தி புத்தகக்காரர்களிடம் உண்டு. நம் சமூகத்தில் நூலக வாசலைத் தாண்டக் கூசிய தலைமுறைகள் எத்தனை! மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் புத்தகம் எடுப்பதற்காகவா வருகிறார்கள்? ஏசிக்கும் லிப்டுக்கும் வருகிற பிள்ளையும் உண்டு. வரட்டுமே. ஒரு இடம் தனக்கும் சொந்தம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றினால் அதுவே பெரிய காரியம்.

ஆனால் வேடிக்கை தானாக வாசிப்பாக மாறாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். "என்னல தேடுத?" என்று கேட்டு, அலமாரிக்குக் கூட்டிப்போய், ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கிற நூலகர் வேண்டும். புதுப்பிக்கும் திட்டங்களில் கிரானைட்டுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் தொகை ஒதுக்குவது சுலபம், ஒருமுறை செலவு. நூலகர் சம்பளம் மாதா மாதம். புத்தகம் வாங்குவது வருஷா வருஷம். திறப்பு விழாப் படத்தில் இரண்டும் தெரியாது. தமிழ்நாட்டில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் இந்த நாட்டில் அந்த வகையில் முன்னோடி. அதன் பின்னால் இருந்தவரும் அதே ரங்கநாதன்தான். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். ஆகவே இது யாரும் நமக்குச் செய்கிற தர்மம் கிடையாது.

ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்தப்படுவதற்காக இருக்கிறது என்பது. கேட்கும்போது "இதுகூடத் தெரியாதா" என்று தோன்றும். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். இன்று சங்கிலிக்குப் பதில் கண்ணாடிப் பெட்டி.

எங்கள் ஊரில் மூத்தவர்கள் முத்துச் சலாபம் பற்றிச் சொல்வதுண்டு. சலாபம் கூடினால் எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்து குவிவார்கள், கரை திருவிழாவாக இருக்கும். முடிந்ததும் சிப்பி நாற்றம்தான் மிச்சம். பார் மறுபடி விளைய வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளைய விடாமல் சலாபத்தை மட்டும் நடத்த முடியாது. 1960களின் தொடக்கத்தோடு சலாபமே நின்றுபோனது.

தமிழ்நாட்டு மாவட்ட மைய நூலகம் எதற்குள்ளும் போய்ப் பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். புத்தகத்தைக்கூட அவர்களே கொண்டுவருகிறார்கள். நூலகம் அவர்களுக்குத் தருவது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வீட்டில் கிடைக்காத அமைதி. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் இருக்கும் கடற்கரைத் தெருவில் இது லேசான விஷயம் இல்லை. எந்தப் புதுப்பித்தலும் முதலில் இவர்களைத்தான் கேட்க வேண்டும். கழிப்பறை எங்கே, இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும், பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் விளக்கு எரியுமா என்பார்கள். கும்மட்டத்துக்கு எந்த நிறம் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

கூடவே தூத்துக்குடி நூலகத்துக்கு ஒரு கரை அறை வேண்டும். ‘தம்பிரான் வணக்க’த்தின் படிப்பிரதி, 1967ஆம் ஆண்டு ‘அடியார் வரலாறு’, ‘தமிழ் கல்ச்சர்’ தொகுதிகள், 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி பற்றிய ஆவணப் பிரதிகள், ஜோ டி குரூஸின் ‘கொற்கை’. எல்லாம் திறந்த அலமாரியில், கை படும்படி. ஈழத்துப் புத்தகங்களைத் தேடியெடுத்து மின்வடிவில் பொதுவில் வைக்கும் வேலையை நூலகம் வலைத்தளத்துக்காரர்கள் 2005இலிருந்து செய்கிறார்கள். எரிந்துபோன ஊர்க்காரர்களுக்கு அது முடிந்தது என்றால் எரியாத நமக்கு ஏன் முடியாது?

புதுப்பித்து ஒரு வருஷம் கழித்து அதிகாரிகள் வருகை எண்ணிக்கையைச் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு நாம் வேறொரு கணக்கைக் கேட்போம். சாயங்காலம் கதவு சாத்தும் முன், வாசகர்கள் எடுத்துப் படித்து மேசைமேல் விட்டுப்போன எத்தனை புத்தகங்களை நூலகர் திரும்ப அலமாரியில் அடுக்க வேண்டியிருந்தது?