உருளத் தெரிந்தால் போதுமா?

60 அங்குல அகலம், 100 அடி நீளம், நடுவில் உள்ள அட்டைக் குழலையும் சேர்த்தால் ஐந்தாறு கிலோ எடை. கண்ணாடிக்கு ஒட்டும் சன் கன்ட்ரோல் ஃபிலிம் ரோல் என்பது இவ்வளவுதான். தூக்குவதில் ஒரு சிரமமும் இல்லை, எல்லாச் சிரமமும் வெட்டுவதில்தான். தரையில் விரித்தால் தானே சுருட்டிக்கொள்ளும். சுருளாமல் இருக்க ஒரு முனையில் சுத்தியலோ வாட்டர் கேனோ வைக்க வேண்டும், மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். இதற்குள் தரையில் கிடக்கும் மண் துகளெல்லாம் ஃபிலிமில் ஏறியிருக்கும். கூடலூர், கம்பம் பக்கம் கார் டெகர் கடை வைத்திருப்பவர்களுக்கும், கடை போர்டுக்கு வினைல் வெட்டும் ஸ்டிக்கர் கடைக்காரர்களுக்கும் இது பழகிய தொல்லை. ரோலை மாட்டும் கம்பெனி ஸ்டாண்டின் விலையைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போவதும் அதே அளவுக்குப் பழகியதுதான்.

அங்கே பிறப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே வடிவம். ஒரு அங்குல ஸ்கொயர் டியூபில் இரண்டு செங்குத்துக் கால்கள், நடுவில் ஐந்தரை அடி இடைவெளி. கால்களில் அடுக்கடுக்காகக் கொக்கிகள். கொக்கிக்குக் கொக்கி ஒரு ஜி.ஐ. பைப், அதில் ஒரு ரோல். அடியில் நான்கு சக்கரம், ஆசைக்கு ஒரு கோட் சில்வர் பெயின்ட். டிராக்டர் டிரெய்லருக்கும் மருந்தடிக்கும் இயந்திரத்துக்கும் வெல்டிங் வைத்துப் பழகிய கைகளுக்கு இது அரை நாள் வேலை.

யோசனையில் குறை சொல்ல முடியாது. கம்பெனியே ரோலைத் தொங்கவிட்டுத்தான் அனுப்புகிறது. அட்டைப்பெட்டியைத் திறந்தால் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். ரோலின் எடை முழுக்க அந்த மூடிகளில் நிற்கும், ஃபிலிம் பெட்டியின் அடியைத் தொடாது. காரணம், இது பாலியெஸ்டர் ஃபிலிம். சாதாரண வகையில் ஃபிலிம் 50 மைக்ரான் அளவு, பசையை மூடியிருக்கும் லைனர் 25 மைக்ரான் அளவு. தன் எடையிலேயே ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தடம் விழும், விழுந்த தடம் கண்ணாடியில் ஒட்டிய பிறகும் வெயிலுக்கு நேராகத் தெரியும். ரோலைச் சுவரில் சாய்த்து வைக்கும் கடைகளோடு ஒப்பிட்டால், கோணல்மாணலான ஸ்டாண்டு வைத்திருக்கும் கடைகூட ஒரு படி மேல்தான்.

அடுத்த லாபம் நேராக வெட்டுவது. 5 அடி அகலத்தில் பிளேடு ஒரு டிகிரி விலகினால் மறுமுனையில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். தரையில் குனிந்து கண் மதிப்பில் வெட்டுகிறவர் ஒவ்வொரு துண்டிலும் அதைச் சீவி எறிகிறார். ஸ்டாண்டின் கீழ்ப்பகுதியில் ஓர் அலுமினிய சேனலைப் பொருத்திவிட்டால் பிளேடு அதன் பள்ளத்திலேயே ஓடும். ஸ்டாண்டு செய்த காசைத் திருப்பித் தருவது இந்தச் சேனல்தான். ஆனால் பட்டறையில் செய்யும் ஸ்டாண்டுகளில் பெரும்பாலும் விடுபடுவதும் இதுவே. சக்கரம் கேட்கிறவர்கள் சேனல் கேட்பதில்லை.

இனி குறைக்கு வரலாம். ஸ்டாண்டு செய்கிறவர் முதலில் பெருமையாகக் காட்டுவது, ரோல் எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது என்பதை. பைப்பின் இரு முனையிலும் பேரிங் போட்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டி, அது சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து மகிழ்வார்கள். உண்மையில் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. 30 மீட்டர் ஃபிலிமைச் சுற்றியும் குழலின் மேல் அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆகவே புது ரோலின் விட்டம் 10 சென்டிமீட்டர் அளவுதான், ஒரு சுற்றுக்கு வெளியே வருவது சுமார் 30 சென்டிமீட்டர். இரண்டடித் துண்டுக்காகக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டு நிறுத்தினால், கை நிற்கும், ரோல் நிற்காது. இன்னும் இரண்டு சுற்று ஓடினால் இரண்டடி ஃபிலிம் தளர்ந்து மடங்கித் தரையைத் தொடும். மடங்கிய இடத்தில் நகத்தால் கீறியதுபோல ஒரு பிறைக்கோடு விழும். அதை ஹீட் கன்னாலும் போக்க முடியாது, ஸ்க்வீஜியாலும் போக்க முடியாது. அந்த நீளத்தை வெட்டிப் போட வேண்டியதுதான்.

பேரிங்கே இல்லாமல், ஒரு 'வி' வெட்டில் பைப்பை வெறுமனே உட்காரவைத்தால் உராய்வே போதுமான பிரேக்காகிவிடும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு நறுக்கி, பைப்பின் முனையில் மேலாகப் போட்டு, ஒரு நுனியை ஃபிரேமில் முடுக்கி, மறுநுனியில் இரண்டு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிடலாம். செலவே இல்லாத பிரேக். ஒரே நிபந்தனை, பைப்பும் அட்டைக் குழலும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். குழல் மட்டும் தனியாக வழுக்கிக்கொண்டு ஓடினால் பைப்பில் போட்ட பிரேக் சும்மா வேடிக்கை பார்க்கும்.

இங்கே குழலின் அளவு வருகிறது. ஃபிலிம் ரோல்கள் பெரும்பாலும் 3 அங்குலக் குழலில் வரும், அதாவது உள்விட்டம் 76 மில்லிமீட்டர். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் அதற்குக் கச்சிதம் என்று தோன்றும். காகித அட்டை ஈரத்துக்கு உப்பும் பொருள் என்பது மழைக்காலத்தில்தான் தெரியவரும். அன்றைக்குக் குழாய் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. 63 மி.மீ. குழாய் தாராளமாகப் போகும், ஆனால் தளர்ந்து ஆடும். அரை அங்குல ஜி.ஐ. பைப்பும் எடையைத் தாங்கும், ஆனால் அதில் ரோல் மையம் தப்பித் தொங்கும், சுற்றும்போது ஏறி இறங்கும். சரியான வழி, பைப் எதுவானாலும் இரு முனையிலும் குழலை உள்ளிருந்து பிடிக்கும் மரக் கட்டை. லேத்தில் கூம்பாகக் கடைந்து, நடுவில் துளையிட்டு, பைப்போடு ஒரு ஸ்க்ரூவால் இறுக்கினால் மையமும் கிடைக்கும், பிரேக்கும் பிடிக்கும். மரக் கடைசல்காரரைத் தேடிப் போக வேண்டிய ஒரே வேலை இதுதான்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து ரோல் என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ, அதில் பாதி இடுப்புக்கு மேலே. அடிச்சட்டத்தின் ஆழம் ஒன்றரை அடி என்றால் மேல் ரோலை வெடுக்கென்று இழுக்கும்போது ஸ்டாண்டே கூட வரும். பூட்டு இல்லாத சக்கரம் என்றால் கேட்கவே வேண்டாம். மேடு பள்ளமான சிமென்ட் தரையில் ஒரு கால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் பைப் சாய்கிறது. பைப் சாய்ந்தால் ஃபிலிம் ஒரு பக்கமாக நகர்ந்து, ரோலின் ஓரம் படிக்கட்டாகிறது. நகர்த்தவே தேவையில்லாத பத்தடிக் கடைக்குள் சக்கரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

கூடலூருக்கென்று ஒரு தனிப் பகையும் உண்டு, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்கில் கடைக்குள் புழுதி வராமல் தடுப்பது கஷ்டம். லைனரை உரிக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பக்கத்தில் மிதக்கும் தூசியையெல்லாம் பசைக்கு இழுத்துக் கொடுக்கும். பெட்டிக்குள் இருந்த ரோல் ஸ்டாண்டுக்கு வந்ததும் நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது. தெருவைப் பார்த்து நின்றால் மாலை வெயிலும் படும், மலிவான சாய ஃபிலிம் நிறம் மங்கும். ஸ்டாண்டுக்கு மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தலாம் என்பார்கள். அதிலிருந்து உதிரும் நூல்தும்பு போதும், வேலை கெட. பாலித்தீன் உறை பரவாயில்லை.

இத்தனை ஏற்பாட்டுக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் கணக்கில் விட்டுப்போகும் கேள்வி. முதலில் கார் வேலை. அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று கொடுத்த தீர்ப்பு, அந்த ஆண்டு மே 4 முதல் வாகனக் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடுத்தது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதி 100, கண்ணாடி தயாரிக்கப்படும்போதே இருக்க வேண்டிய தன்மை என்பது நீதிமன்றத்தின் விளக்கம். பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியையும் உள்ளடக்கிய 'சேஃப்டி கிளேசிங்' என்ற வகையும் அதில் சேர்ந்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இந்த வெளிச்ச அளவுக்கும் தரத்துக்கும் உட்பட்ட ஃபிலிமுக்காக அபராதம் போடக் கூடாது என்றது. ஆக, மலையேறிக் கேரளத்தின் குமுளியைத் தொட்டால் ஒரு வாதம், இறங்கித் தமிழ்நாட்டின் லோயர் கேம்ப் வந்தால் வேறு வாதம். கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டுப் போலீஸைக் கட்டுப்படுத்தாது. சபரிமலை சீசனில் கூடலூர் வழியாக வரிசை கட்டும் வண்டிகளுக்கு இந்த வித்தியாசம் நடுவழியில்தான் உறைக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளோ ஃபிலிம் வியாபாரத்துக்கு உதவாது. பக்கத்தில் படுதாதான், கண்ணாடி ஏது?

மிச்சம் இருப்பது கட்டட வேலை. புது வீடுகளின் ஸ்லைடிங் ஜன்னல், நகைக்கடை முகப்பு, வங்கிக் கண்ணாடிக் கதவு. இங்கேதான் பட்டறை ஸ்டாண்டு நியாயமான பலன் தரும். கட்டடக் கண்ணாடிக்கு நீளமான, நேரான, ஒரே அளவுத் துண்டுகள் வேண்டும். கார் வேலையில் துண்டுகள் சிறியவை, வளைந்தவை. பெரிய ஊர்களில் அதைக் கம்ப்யூட்டர் பிளாட்டர் வெட்டுகிறது, அதற்கு ரோல் மாட்டும் இடம் இயந்திரத்திலேயே இருக்கிறது. ஆகவே காருக்காக மட்டும் ஐந்தடுக்கு ஸ்டாண்டு செய்கிறவர் அவசரப்படுகிறார். கட்டட வேலையும் வினைல் வேலையும் சேர்ந்து வரும் கடைக்கும், சக்கரம் வைத்த ஐந்தடுக்கைவிடச் சுவரில் ஸ்பிரிட் லெவல் வைத்து அடித்த இரண்டு பிராக்கெட் நல்லது. அதிகம் ஓடும் இரண்டு ரோல் மட்டும் அதில். மற்றவை வந்த பெட்டியிலேயே, மூடியோடு.

எந்த ஸ்டாண்டும் கைவிட்டுவிடும் ஒரு சரக்கு உண்டு. வெட்டி மீந்த ஓரத் துண்டுகள். ஒன்றரை அடி, இரண்டடி என்று குவியும் இவற்றைப் பைப்பில் மாட்ட முடியாது, மேசையடியில் திணித்தால் மடிந்து குப்பைக்குப் போகும். 110 மி.மீ. பி.வி.சி. குழாயை இரண்டடி நீளத்துக்கு அறுத்து, அடியை மூடி போட்டு அடைத்து, பிராக்கெட்டுக்குக் கீழே நாலைந்தை நிறுத்தி, துண்டுகளைத் தளர்வாகச் சுருட்டிப் போட்டு, வெளியே மார்க்கரால் அகலத்தை எழுதிவைத்தால் பாத்ரூம் வென்டிலேட்டர் கண்ணாடிக்குப் புது ரோலைத் தொட வேண்டியிராது.