சுப்பர்மேன் கதைகளும் தொகுப்புப் பதிப்புகளும்: ஒரு சமூகவியல் நோக்கு

வெகுசன நுகர்வுக்கென ஆக்கப்படும் எழுத்தையும் சித்திரத்தையும் இலக்கிய ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டனவாகக் கொள்ளும் மனோபாவம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. முற்போக்குத் திறனாய்வாளரும் இதற்கு விலக்கல்லர். ஏகாதிபத்தியப் பண்பாட்டின் கழிவு எனக் கூறி ஒதுக்கிவிடுவதோடு அவர்தம் பணி பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஆயின், டொனால்ட் டக் கதைகளை ஆராய்ந்து ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன்ட் மத்தெலாரும் 1971இல் சிலியில் வெளியிட்ட நூல், இத்தகைய ஆக்கங்கள் ஒதுக்கப்பட வேண்டியனவல்ல, வாசிக்கப்பட வேண்டியன என்பதை உணர்த்திற்று. அவ்வழி நின்று, அமெரிக்க அதிமானிடச் சித்திரக்கதைகளுக்குத் தோற்றுவாயாகக் கொள்ளப்படும் சுப்பர்மேன் கதைகளை, இன்று அவை கிடைக்கும் தொகுப்புப் பதிப்புகளின் வாயிலாக ஈண்டு மீள நோக்குவோம்.

1938 யூன் மாதத்துக்குரிய ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழ் 10 சத விலையுள்ள, 64 பக்கச் சஞ்சிகை. அதில் சுப்பர்மேன் கதைக்கு ஒதுக்கப்பட்டவை 13 பக்கங்களே. எஞ்சியவற்றில் வேறு பல கதைகளும் இடம்பெற்றிருந்தன. 1939இலேயே இக்கதைகளுட் சில ‘சுப்பர்மேன்’ என்னும் தனி இதழில் மறுபதிப்பாயின. 1989இல் உயர்விலைக் கெட்டியட்டைத் தொகுப்புகளும், 2006இல் வெளியான கால வரிசையிலேயே கதைகளை நிரற்படுத்தும் தொகுப்புகளும் வெளிவரத் தொடங்கின.

இம்மாற்றம் வெறும் அட்டை மாற்றமன்று. தொகுப்பிலே விளம்பரப் பக்கங்கள் இல்லை. உடன் வெளியான ஏனைய கதைகளும் இல்லை. வாசித்தபின் எறிந்துவிடத்தக்க பண்டமாகப் பிறந்த ஒன்று, நூலக அடுக்கில் வைத்துப் பேணத்தக்க ‘செவ்வியல்’ ஆக்கமாகின்றது. அப்பண்டத்தைச் சூழ்ந்திருந்த சந்தை வாசகனின் கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிடுகின்றது.

எனினும், கால வரிசைத் தொகுப்பு நமக்கு அளிக்கும் பயனையும் மறுத்தலாகாது. மாதமொரு கதையாகப் படித்தவனுக்கு எளிதிற் புலப்படாத ஒரு திருப்பத்தை அது வெளிக்கொணர்கின்றது. 1938இல் வெளியான முதலிரு இதழ்களிலே தொடரும் கதையில், போரொன்றின் பின்னணியில் நிற்பவன் நோர்வெல் என்னும் ஆயுத உற்பத்தியாளன். சுப்பர்மேன் அவனையே போர்முனைக்கு இழுத்துச் செல்கிறான். ஒன்றோடொன்று போரிடும் படைகளின் தளபதிகளையோ, தாம் ஏன் போரிடுகின்றோம் என்பதை அறியாதவராகக் காண்கிறான். 1940 ஏப்பிரல் மாதத்துக்குரிய 23ஆவது இதழிலும் இரு நாடுகளிடையே போர் மூட்டப்படுகின்றது. ஆனால் இம்முறை அதை மூட்டுபவன் லூதர் என்னும் வெறிகொண்ட விஞ்ஞானி. முன்னையதில் போருக்குக் காரணம் இலாபம். பின்னையதில் காரணம் தனியொருவனின் அதிகார வேட்கை. இரண்டாண்டுகளுக்குள் சமூகக் காரணி தனிமனிதத் தீமையாக உருமாறிவிடுகின்றது. இவ்வகைக் கதைகளின் கருத்துநிலை பற்றி ஆராய்வோர் முதன்மையாகக் கருத்திற் கொள்ள வேண்டியது இதுவே.

இதனால், முற்பட்ட கதைகளைப் புரட்சிகரமானவை எனக் கொண்டாடுவதற்கில்லை. மூன்றாவது இதழில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் உடைமையாளனும் அவனது விருந்தினரும் சுரங்கத்துள் அகப்பட்டுத் தொழிலாளியின் ஆபத்தைத் தாமே அனுபவிக்கின்றனர். ஈற்றில் உடைமையாளன் மனந்திருந்துகிறான். தொழிலாளர்க்கு அங்கு சங்கமில்லை. அவர்கள் காப்பாற்றப்படுவோரேயன்றிச் செயற்படுவோர் அல்லர். எட்டாவது இதழில் சுப்பர்மேன் சேரிக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுகிறான். அரசு அங்கே புதிய மனைகளை எழுப்புகின்றது. 1937ஆம் ஆண்டு அமெரிக்க வீடமைப்புச் சட்டத்தின் சூழலிலே, ரூஸ்வெல்ட் ஆட்சியின் சீர்திருத்த நம்பிக்கையே இங்கு கதையுருப் பெறுகின்றது எனலாம். பொருளாதாரப் பெருமந்தத்தில் நலிந்த மக்களின் கோபம் இக்கதைகளில் உண்மையாகவே ஒலிக்கின்றது. அக்கோபத்துக்கான தீர்வோ மேலிருந்து வரும் மீட்பனிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பிற்காலத் திருப்பத்துக்கான வித்து இவ்வரையறையிலேயே இருந்தது என்பது நமது கருத்து.

அவ்வித்து முளைப்பதற்கான களத்தை உற்பத்தி உறவுகள் அமைத்தன. படைப்பாளர்களான ஜெரி சீகெல், ஜோ ஷஸ்டர் ஆகிய இருவரும் கிளீவ்லண்ட் நகரில் வாழ்ந்த, யூதக் குடியேறிகளின் மைந்தர். 1938 மார்ச்சில் அவர்கள் பெற்ற தொகை 130 டொலர். அதாவது பக்கமொன்றுக்கு 10 டொலர். அத்தொகைக்குக் கதை மட்டுமன்றிப் பாத்திரத்தின் உரிமையும் கைமாறிற்று. 1940இல் வானொலித் தொடரும் தொடங்கி வணிகம் விரிந்தபோது, பாத்திரம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. 1947இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். அதன்பின் கதைகளிலிருந்து அவர்தம் பெயர்களும் நீக்கப்பட்டன. 1975இல், பகிரங்கக் கிளர்ச்சியின் பின்னரே, ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் கிட்டின. பிற நிறுவனங்களின் நிலையும் வேறன்று. ‘மார்வெல்’ நிறுவனம் தன் பழைய கதைகளை உயர்தரத் தொகுப்புகளாக வெளியிடத் தொடங்கிய 1987ஆம் ஆண்டிலேதான், ஓவியர் ஜக் கேர்பி நீண்ட பிணக்கின் பின் தம் மூல ஓவியங்களில் ஒரு பகுதியை மட்டும் மீளப் பெற்றார்.

தொகுப்புப் பதிப்பு என்பது முன்னர் செலவிடப்பட்ட உழைப்பிலிருந்து மீளமீள இலாபம் ஈட்டும் வழியுமாகும். இன்று அத்தொகுப்புகளின் முகப்பில் சீகெல், ஷஸ்டர் பெயர்கள் உள்ளன. ஆனால் ஷஸ்டரின் கூடத்தில் கோடிட்டு நிரப்பிய உதவி ஓவியரின் உழைப்பு அம்முகப்பில் இடம்பெறுவதில்லை. ஆகவே, நமக்கு வேண்டுவது பொலிவூட்டப்பட்ட பழமையன்று. விளம்பரங்கள், உடன் வெளியான கதைகள், ஒப்பந்த விபரங்கள், பங்குகொண்டோர் பெயர்கள் ஆகியன அடங்கிய ஆய்வுப் பதிப்புகளே வேண்டும். அவை வரும்வரை, கிடைப்பவற்றைக் கால வரிசையில் வைத்து, நோர்வெல்லின் இடத்தை லூதர் பிடித்துக்கொண்டது எவர் நலனுக்காக என வினாவிப் படிப்பதே திறனாய்வாளர் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.