‘நம்ம வூட்டுப் புள்ள மாதிரிங்க!’

‘குட்டி’ படம் பார்த்திருக்கிறீர்களா? 2001-ல் வந்தது. சிவசங்கரியின் கதை, ஜானகி விஸ்வநாதன் டைரக்‌ஷன். அப்பாவைப் பறிகொடுத்த கிராமத்துச் சிறுமி, சென்னையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். அந்தப் பொண்ணு ஸ்வேதாவுக்குத் தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை.

நல்ல படம்தான். ஆனா எனக்கு ஒரு மனத்தாங்கல். ரமேஷ் அரவிந்த் - கௌசல்யா ஜோடி தங்கமானவர்கள். பாட்டியாக எம்.என்.ராஜம் வந்து இறங்கின பிறகுதான் கொடுமை. நாமும் பாட்டியைத் திட்டித் தீர்த்துவிட்டு, ‘நாம அப்படி இல்லப்பா’ என்று நிம்மதியாக எழுந்து வருகிறோம். பாட்டி ஊரிலேயே இருந்திருந்தால் எல்லாம் சரியா? ஸ்கூலுக்குப் போக வேண்டிய புள்ளை அங்கே ஏன் இருக்கிறாள்? இத்தனைக்கும், 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று தடை வந்ததே 2006 அக்டோபரில்தான்!

சின்னப் புள்ளைகளை விடுங்கள். சரவணம்பட்டி பக்கம் ஃப்ளாட், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கும் இருபது வயசுப் பெண். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “ஏனுங்க, அவ நம்ம வூட்டுப் புள்ள மாதிரிங்க. சோறு, துணிமணி எல்லாம் நாமதான். கண்ணாலத்துக்கு நகை போட்டுருவோம்ல!”

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்ம ஊர் ஸ்பின்னிங் மில்களின் ‘சுமங்கலி’ திட்டம்! மூணு வருஷம் உழைச்சா மொத்தமாகப் பணம், நடுவில் கிளம்பினால் அந்தப் பணம் அம்போ. மில்காரரைத் திட்டும் அதே வாய்தான் வீட்டில் நகைக் கணக்கு சொல்கிறது.

ஐரோப்பாவிலும் இப்படிப் பெண்கள் உண்டு. ‘ஓ பேர்’ என்பார்கள். குடும்பத்தில் ஒருத்தி மாதிரிதான். ஆனால் 1969-லேயே ஒப்பந்தம் போட்டு எழுதி வைத்தார்கள்: ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு முழு நாள் லீவு, கைச்செலவுக்குக் காசு. பாசத்தை நம்பி விட்டுவிடவில்லை.

நான் பி.காம். படிச்சவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. வீட்டு வேலைக்கு 2018-ல் தமிழக அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய். தங்கி வேலை செய்தால் 10 சதவிகிதம் கூடுதல், ஆக 40.70. காலை 6 முதல் இரவு 9 வரை, நடுவில் ரெண்டு மணி நேரம் ஓய்வு. பாக்கி 13 மணி நேரம். ஞாயிறு லீவு போக 26 நாளுக்கு 13,756 ரூபாய் 60 காசு. ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து தூக்குகிறாளே, அதைச் சேர்க்கவில்லை.

யாராவது ‘குட்டி’யை மறுபடி எடுத்தால் பாட்டியே வேண்டாம். அந்தத் தங்கமான ஜோடி மட்டும் போதும். ஒண்ணாம் தேதி காலையில் அந்தப் பெண் வந்து, “அக்கா, சம்பளம்...” என்று கேட்கிறாள். கேமராவை அவர்கள் முகத்துக்குக் கொண்டுபோங்கள்.