ஒரே சாவுக்கு எத்தனை கதை?

பின்நவீனத்துவம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஒரு சம்பவத்தை நாலு விதமாகச் சொல்லிட்டு, "எது உண்மைன்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று நழுவுகிற கதைகளைப் படித்துச் சலித்தவன் நான். மேக்சின் ஹாங் கிங்ஸ்டனின் 'தி வுமன் வாரியர்' (1976) புத்தகத்தையும் அந்த எரிச்சலோடுதான் திறந்தேன். முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கிட்டேன்.

கிங்ஸ்டன் கலிஃபோர்னியாவில், சலவைக்கடை நடத்திய சீனக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். கதைசொல்லி வயதுக்கு வந்த சமயம் அம்மா ஒரு கதை சொல்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கண்டிப்போடு. சீனாவில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். 1924இல் புருஷன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் பல வருஷம் கழித்து அவள் கர்ப்பமானாள். பிரசவ நாளன்று ஊரே வீடு புகுந்து எல்லாவற்றையும் நாசம் பண்ணியது. அன்றிரவு பன்றித்தொழுவத்தில் பிள்ளை பெற்று, அந்தச் சிசுவோடு வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்தாள். அப்படியொருத்தி பிறக்கவே இல்லை என்பதுபோலக் குடும்பம் நடந்துகொண்டது. அம்மா சொன்னது இவ்வளவுதான். பெயர்கூடக் கிடையாது.

மிச்சத்தை மகள் கற்பனை செய்கிறாள். ஒருவேளை எவனோ அத்தையை மிரட்டிப் பணியவைத்திருக்கலாம். கொஞ்சம் தள்ளி, ஒருவேளை அவளே ஆசைப்பட்டிருக்கலாம். கண்ணாடி முன் நின்று நெற்றி ஓரத்து முடியை நூலால் பிடுங்கி அழகுபடுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு அத்தைகளும் ஒருத்தியாக இருக்கவே முடியாது. ஆனாலும் கிங்ஸ்டன் எந்த ஒருத்தியையும் அழிப்பதில்லை.

இதை வெறும் உத்தி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அம்மாவிடம் மேற்கொண்டு கேட்க வழியில்லை. ஒரே கதையை அடித்துச் சொன்னால் அது பொய். வாயை மூடிக்கொண்டால் குடும்பம் கொடுத்த தண்டனையில் தனக்கும் பங்கு. 'ஒருவேளை' என்று தொடங்குவதைத் தவிர அவளுக்கு நேர்மையான வாக்கியமே மிச்சமில்லை.

ஃபிராங்க் சின்னின் கோபத்தையும் சொல்லணும். கிங்ஸ்டன் சீனத் தொன்மங்களைப் போலியாக்குகிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. சும்மா சொன்னதில்லை. முதுகில் எழுத்துகளைப் பச்சை குத்துவது தளபதி யுவே ஃபெய் பற்றிய கதை. கிங்ஸ்டன் அதை மூலானின் முதுகுக்கு மாற்றிவிட்டார். போதாததற்கு இந்தப் புத்தகம் அபுனைவுக்கான நேஷனல் புக் கிரிட்டிக்ஸ் சர்க்கிள் விருது வேறு வாங்கியது. அந்த முத்திரையோடு வந்தால், சீனா தெரியாத வாசகர் இதுதான் அசல் என்று நம்பிவிடுவார். அந்தப் பாதிவரை சின்னோடு நான் போவேன். ஆனால் அம்மா தூக்கக் கலக்கத்தில் கேட்கவைத்த கதைகளோடு கலிஃபோர்னியாவில் வளர்கிற சிறுமிக்குச் 'சரியான' மூலான் எங்கே கிடைப்பாள், சொல்லுங்க?

என்னை உறுத்துவது வேறு. வாய் திறக்க முடியாமல் செத்தவளுக்கு நாமே ஆசையும் அழகும் கொடுத்து எழுதலாமா? அது மரியாதையா, இன்னொரு அத்துமீறலா? கிங்ஸ்டனுக்கும் இந்தப் பயம் இருக்கு. இறந்தவர்களுக்குக் காகிதத்தில் வீடும் உடுப்பும் செய்து எரிப்பது சீன வழக்கம். அத்தைக்கு யாரும் எரிக்கவில்லை. இவள் படைப்பதும் காகிதம்தான், மடிக்காமல் எழுதியது. அதற்காக அத்தை மனம் குளிர்வாள் என்று இவள் நம்பவில்லை. நீரில் மூழ்கிச் செத்தவரின் ஆவி, தன் இடத்துக்கு இன்னொருவரை இழுத்துப்போடக் கரையோரம் காத்திருக்கும் என்கிற நம்பிக்கையோடு அத்தியாயம் நின்றுவிடுகிறது.